கரடியின் பைக்கும் சிறுத்தையின் பந்தயமும்

கூவல்மலைக் காட்டில் சடைச்சி என்று ஒரு கரடி இருந்தது. அந்தக் காட்டிலேயே மோட்டார் பைக் வைத்திருந்த ஒரே விலங்கு அதுதான்.

பைக் என்றால் சாதாரண பைக் இல்லை. அடிவாரச் சந்தையில் ஓர் எருமை வியாபாரி வெகுகாலமாக விற்க முடியாமல் நிறுத்தி வைத்திருந்த பைக் அது. அவ்வளவு கனம்! மிளா மான் வந்து தள்ளிப் பார்த்தது. காட்டுப்பன்றி வந்து முட்டிப் பார்த்தது. ஸ்டாண்டிலிருந்து அதை இறக்கக்கூட யாராலும் முடியவில்லை. சடைச்சி வந்தது. ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கியது. வண்டி சட்டென்று இறங்கி, கன்றுக்குட்டி போல அதன் இடுப்பில் சாய்ந்து நின்றது.

"உனக்குன்னே செஞ்ச வண்டி தாயி இது!" என்றது எருமை.

பல கோடைகளாகச் சேர்த்து வைத்திருந்த மலைத்தேனை எல்லாம் கொடுத்துவிட்டு, சடைச்சி அந்த வண்டியை வாங்கிக்கொண்டது. அதற்குக் கருமேகம் என்று பெயரும் வைத்தது.

பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. முதல் நாள் சடைச்சி கிக்கரை ஓங்கி மிதித்ததும் காடே அதிர்ந்தது. மழைதான் வருகிறது என்று நினைத்து மயில்கள் எல்லாம் தோகையை விரித்து ஆட ஆரம்பித்துவிட்டன!

அதுவரைக்கும் சடைச்சியைப் பார்த்தால் எல்லோருக்கும் கேலிதான். "தேர் அசைஞ்சு வருது, வழி விடுங்க!" என்று குரங்குகள் கத்தும். முயல்கூட அதை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். இப்போது கதை மாறிவிட்டது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் போதும். அந்த அதிர்வு முதலில் உள்ளங்கையில் ஏறும். பிறகு தோளில் ஏறும். அப்புறம் நெஞ்சுக்குள் இறங்கி, இன்னொரு இதயம் போலத் துடிக்கும். மரங்கள் இரண்டு பக்கமும் ஓடிப் போகும். காற்று முகத்து முடியை எல்லாம் பின்னால் வாரிவிடும்.

"நான்தானா இது?" என்று சடைச்சி தனக்குத் தானே கேட்டுக்கொள்ளும். "அசைஞ்சு அசைஞ்சு நடந்த அந்தக் கரடியா இது!"

தினமும் காலையில் குளத்தங்கரைக்கு வண்டியைக் கொண்டுவந்து எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் நிறுத்தும். டேங்கைத் துடைக்கும். அதில் தெரியும் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளும்.

"எங்க கிளம்பிட்டே சடைச்சி?" என்று யாராவது கேட்டால், "எங்கேயும் இல்ல. சும்மா போறேன்!" என்று சொல்லிவிட்டு, புழுதி பறக்கக் கிளம்பிப் போகும். சும்மா போவதில்தான் அதற்கு எல்லா இன்பமும் இருந்தது.

இதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் ஒருவனுக்கு வயிறு எரிந்தது. அவன்தான் புள்ளியான் என்ற சிறுத்தை. பைக் வருவதற்கு முன்னால் அந்தக் காட்டில் எல்லோரையும்விட வேகமாக ஓடியது புள்ளியான்தான். இப்போது அதன் முகத்தில் தினமும் புழுதி விழுந்தது.

"வண்டி ஓடுது. அவ உட்கார்ந்திருக்கா. இதுல அவளுக்கு என்ன பெருமை?" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தது.

இதை எல்லாம் ஒரு நரி கவனித்துக்கொண்டே இருந்தது. அதன் பெயர் நல்லமுத்து. பெயரில் மட்டும்தான் நல்லது இருந்தது.

ஒருநாள் நல்லமுத்து சிறுத்தையிடம் போனது.

"அண்ணே! உங்களால இனி ஓட முடியாதுன்னு சடைச்சி சொல்றாளே, காதுல விழுந்துச்சா?"

"என்னது!" என்று சீறியது புள்ளியான்.

அங்கிருந்து நரி நேராகக் கரடியிடம் போனது.

"அக்கா! உங்க வண்டிக்குச் சத்தம்தான் இருக்காம், வேகம் இல்லையாம். புள்ளியான் அண்ணன் சொல்றார்."

"என் கருமேகத்துக்கா வேகம் இல்ல?" சடைச்சியின் முடி எல்லாம் சிலிர்த்துக்கொண்டு நின்றது. "வரச் சொல்லு அவனை! பார்த்துடலாம்!"

அவ்வளவுதான். பந்தயம் முடிவாகிவிட்டது. குளத்தங்கரையிலிருந்து மலைக்கு மேலே இருக்கும் இரட்டைப் பாறை வரைக்கும் போக வேண்டும். சடைச்சி பாதை வழியாகப் போகும். புள்ளியான் எப்படி வேண்டுமானாலும் போகலாம். புள்ளியான் தோற்றால், குன்றின் உச்சியில் அது உட்காரும் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். சடைச்சி தோற்றால், அதன் பிறகு இந்தக் காட்டில் பைக்கைக் கிளப்பவே கூடாது.

"இன்னொரு விதியும் வேணும்" என்றது நல்லமுத்து, ரொம்ப நியாயஸ்தன் போல. "இரட்டைப் பாறையைத் தொடாம யார் பாதியில திரும்பி வந்தாலும் அவங்க தோத்தவங்க. சரிதானே?"

"நான் எதுக்குத் திரும்பப் போறேன்?" என்றது கரடி.

"நானும்தான்!" என்றது சிறுத்தை.

பாறையருகே மயில் போய் நின்றுகொண்டது. யார் முதலில் தொடுகிறார்கள் என்று அதுதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நரி ஊளையிட்டது. பந்தயம் தொடங்கியது!

புள்ளியான் அம்பு போலப் பாய்ந்து புதருக்குள் மறைந்தது. சடைச்சி கிளட்சை விட்டது. கருமேகம் முழங்கிக்கொண்டு கிளம்பியது. முதல் வளைவு, இரண்டாம் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் கரடி உடம்பைச் சாய்க்க, வண்டியும் கூடவே சாய்ந்தது. இரண்டும் ஒரே உடம்பு போல ஆகிவிட்டன. சடைச்சிக்குச் சிறுத்தை, நரி, பந்தயம் எல்லாமே மறந்து போயின. வாய்விட்டுக் கத்தியது. "போடா கருமேகம்! போ!"

கடைசி வளைவைத் தாண்டியதும் இரட்டைப் பாறை கண்ணுக்குத் தெரிந்தது. அங்கிருந்து பாறை வரைக்கும் பாதை நேராக இருந்தது. பாறையருகே மயிலின் நீலம் மின்னியது. ஜெயித்தாயிற்று!

சிறுத்தை எவ்வளவு பின்னால் வருகிறது என்று பார்க்கும் ஆசையில் சடைச்சி திரும்பியது. பாதையில் யாரும் இல்லை. பக்கவாட்டில் பார்த்தது. கீழே, காய்ந்து கிடந்த ஓடையில், வெள்ளை மணலில் புள்ளி புள்ளியாக ஏதோ துடித்துக்கொண்டிருந்தது.

சடைச்சி பிரேக்கை அழுத்தியது.

"புள்ளியான்! அங்க என்ன பண்றே?"

"உனக்கென்ன! நீ போ!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "நான் சும்மா உட்கார்ந்திருக்கேன்!"

குறுக்கு வழியில் ஓடையைத் தாண்டப் பார்த்திருக்கிறது. கரை சரிந்துவிட்டது. கூடவே உருண்ட பாறை ஒன்று அதன் பின்னங்காலை அமுக்கிக்கொண்டிருந்தது.

"சும்மா உட்கார உனக்கு வேற இடம் கிடைக்கலையா? மேல மலையில மழை கொட்டுதே, பார்க்கலையா நீ?"

 சிறுத்தை சின்னக் குரலில் சொன்னது: "பார்த்தேன்."

சடைச்சி மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது. ஈர மண் வாசனை. தூரத்தில் ஒரு உறுமல். அது பைக்கின் உறுமல் இல்லை. காட்டாறு இறங்கி வந்துகொண்டிருந்தது.

சடைச்சி இரட்டைப் பாறையைப் பார்த்தது. தொட்டுவிட்டு வரலாமா? அதற்குள் தண்ணீர் வந்துவிடும். இப்போதே திரும்பினால்? திரும்பியவர் தோற்றவர். இனி காலையில் கிக்கரை மிதிக்க முடியாது. காற்றும் இல்லை, வேகமும் இல்லை. மறுபடியும் அசைந்து அசைந்து நடக்கும் கரடிதான். 

"மன்னிச்சுக்கோடா கருமேகம்" என்று டேங்கைத் தடவிக் கொடுத்தது. பிறகு ஹேண்டில்பாரை ஒடித்துத் திருப்பி, சரிவில் இறங்கியது.

"திரும்பாதே! தோத்துடுவே!" என்று மயில் மேலேயிருந்து அலறியது.

சடைச்சி காதில் வாங்கவில்லை. ஓடைக்குள் இறங்கி, வண்டியை நிறுத்தி, பாறையைக் கட்டிப்பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு புரட்டித் தள்ளியது. சிறுத்தையின் கால் விடுபட்டது. ஆனால் ஊன்ற முடியவில்லை.

"ஏறு வண்டியில!"

"முடியாது!" என்றது புள்ளியான். "சிறுத்தை சவாரி போச்சுன்னு காடே சிரிக்கும்!"

"அவங்க சிரிக்கிறதைக் கேட்கவாவது நீ உயிரோட இருக்க வேண்டாமா? ஏறு!"

சிறுத்தை ஏறியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கரடியின் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

கரை செங்குத்தாக இருந்தது. காலுக்கடியில் எல்லாம் மணல். சடைச்சி முதல் கியரைப் போட்டு முறுக்கியது. சக்கரம் சுழன்றது. மணலை வாரி இறைத்தது. வண்டி நகரவில்லை! வளைவில் செந்நிறத் தண்ணீர் தலையை நீட்டியது.

"எழுந்திரிடா!" என்று கத்திக்கொண்டே சடைச்சி இன்னும் முறுக்கியது.

கருமேகம் முழங்கியது. அதன் முழு பலமும் என்னவென்று சடைச்சிக்கே அன்றுதான் தெரிந்தது. முன் சக்கரம் எழும்பியது. பின் சக்கரம் மண்ணைக் கவ்விப் பிடித்தது. ஒரு கரடி, ஒரு சிறுத்தை, இரண்டின் கனத்தையும் தூக்கிக்கொண்டு வண்டி ஒரே மூச்சில் கரை ஏறிவிட்டது! அவர்கள் பாதையைத் தொட்டதும் தண்ணீர் இரைந்துகொண்டு வந்து ஓடையை மூடியது. பாறை கிடந்த இடம் தெரியவில்லை.

சடைச்சி திரும்பிச் சிறுத்தையின் காலைப் பார்த்தது.

"என் குகைக்குப் போலாம்" என்றது சடைச்சி. "இந்தக் கோடையில சேர்த்த தேன் கொஞ்சம் இருக்கு. காயத்துக்குப் போடலாம்."

வண்டி மலையிறங்கியது. முதல் வளைவில் சிறுத்தை ஒரு கண்ணைத் திறந்தது. இரண்டாம் வளைவில் மறு கண்ணையும் திறந்தது. மூன்றாம் வளைவில் கழுத்தை நீட்டி, காற்றில் மீசை பறக்க, கரடியின் காதருகே கேட்டது: "ஏன் சடைச்சி... இன்னும் கொஞ்சம் வேகமா போகாதா?"

சடைச்சி சிரித்துக்கொண்டே முறுக்கியது.

குகை வாசலுக்கு வந்தால், அங்கே நல்லமுத்து! தோளில் ஒரு மூட்டை நிறையத் தேனடை. இன்னொரு தோளில் புள்ளியான் மரக்கிளையில் ஒளித்து வைத்திருந்த இறைச்சி. தாடை எல்லாம் தேன் ஒழுகிக்கொண்டிருந்தது.

"நீங்க... நீங்க பாதியில திரும்பக் கூடாதே!" என்று உளறியது நரி. "அதுக்குத்தானே விதி..." என்று ஆரம்பித்து, சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

"ஓ! அதுக்குத்தானா அந்த விதி!" என்றது சிறுத்தை.

நரி உடனே குரலை மாற்றிக்கொண்டது. "எதுவா இருந்தாலும் பேச்சு பேச்சுதான்! பாறையைத் தொடாம திரும்பிட்டீங்க அக்கா. நீங்க தோத்துட்டீங்க. வண்டியை நிறுத்துங்க!"

சடைச்சி கொடுத்த வாக்கை மீறாத கரடி. தலையைக் குனிந்துகொண்டு, இன்ஜினை அணைக்கக் கையைக் கொண்டுபோனது.

அந்தக் கையைப் புள்ளியான் பிடித்துக்கொண்டது.

"நானும்தான் பாறையைத் தொடாம திரும்பிட்டேன். அப்போ நானும் தோத்தேன்" என்றது. "ஜெயிச்சவன் சொன்னாத்தான் தோத்தவன் கேட்கணும். இங்க ஜெயிச்சவன் யாரு? நீயா?"

 நரியின் பதில் ஓட்டம்தான்! மூட்டைகளோடு குளத்தங்கரைப் பாதையில் பிடித்தது ஓட்டம்.

"விடாதே சடைச்சி!" என்று சிறுத்தை கத்தியது.

கருமேகம் பாய்ந்தது. பின்னால் முழக்கம் நெருங்க நெருங்க, நரி ஒவ்வொரு மூட்டையாகக் கீழே போட்டது. அப்படியும் சத்தம் விடவில்லை. கடைசியில் பயந்துபோய் குளத்துச் சேற்றில் தலைகுப்புற விழுந்தது. குரங்குகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன. சேற்றோடு சேறாக எழுந்து மறு கரை ஏறிப் போன நல்லமுத்துவை, அதன் பிறகு அந்தக் காட்டில் யாரும் பார்க்கவில்லை.

அப்போது மயில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.

"நின்னு நின்னு கால் வலிச்சதுதான் மிச்சம்!" என்று கோபமாகக் கேட்டது. "ஒருத்தரும் பாறைக்கு வரலையே! அப்போ பந்தயத்துல யார்தான் ஜெயிச்சது?"

சடைச்சி வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து புள்ளியான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னது: "இதென்ன கேள்வி? எங்க வண்டிதான்!"

எங்க வண்டி! அந்தக் காட்டில் எத்தனையோ பேர் கருமேகத்தைப் புகழ்ந்திருக்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டபோது வந்த பெருமை சடைச்சிக்கு அதுவரை எந்த வேகத்திலும் வந்ததில்லை.

ஒருவரைப் பின்னால் விட்டுவிட்டுப் போகும் வேகத்தைவிட, ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வரும் பலமே உண்மையான பெருமை.