பின்பலகையில் பகவதி

"எந்தக் கரையில வீடு வாங்கலாம், அம்மா?" என்று கேட்டார் தாணுலிங்கம்.

வடிவம்மை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இன்னும் வாங்கலையா, மாஸ்டர்?"

"இல்லை."

"போன வருஷமும் இதைத்தானே கேட்டீங்க?"

"போன வருஷம் வேற கரை."

வடிவம்மை காயல் ஓரத்தில் இருந்த ஒரு சிறு மடத்தின் தலைவி. வயது நாற்பதுதான் இருக்கும். கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் அவரைவிட மூத்தவர்கள்.

தாணுலிங்கம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுக்க மனைவி பகவதியிடம் ஒன்றையே சொல்லிவந்தார். ஓய்வு பெற்றதும் தண்ணீர்க்கரையில் ஒரு வீடு. வாசலில் ஒரு தோணி. சாயங்காலமானால் இருவரும் அதில் ஏறிப் போகலாம்.

ஓய்வு வந்தது. வீடு வரவில்லை.

"பார்த்த இடத்துக்கெல்லாம் என்ன குறை?" என்றார் வடிவம்மை.

"ஒரு ஊர்ல கிணத்துத் தண்ணி உப்பு. ஒரு ஊர்ல தோணி கட்டத் துறையே இல்லை, அலை நேரா வாசலுக்கு வருது. இன்னொரு ஊர் எல்லாம் சரியா இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சரியில்லை."

"இப்போ?"

"ரெண்டு மிஞ்சியிருக்கு. ஒண்ணு ஆத்து முகத்துவாரம். காலையில தண்ணி அசையாம கிடக்கும். ஆனா ஆஸ்பத்திரி தூரம். இன்னொண்ணு ஏரிக்கரை. ஆஸ்பத்திரி பக்கம். ஆனா கோடையில ஏரி வத்திடும். தோணி சேத்துல கிடக்கும்."

"கோடைக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கே."

தாணுலிங்கம் முற்றத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

முற்றத்துக்கு அப்பால் புன்னை மரத்தடியில் பகவதி உட்கார்ந்திருந்தார். நல்ல வெயில். ஆனாலும் சால்வையைப் போர்த்தியிருந்தார். பக்கத்தில் மேய்ந்த கோழியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

தாணுலிங்கம் குரலைத் தாழ்த்தினார்.

"மழைக்காலம் வரைக்கும்தான்னு டாக்டர் சொல்லிட்டார். அவளுக்குத் தெரியாது."

முறம் நின்றது.

"இந்தத் தடவை நான் தப்பா முடிவெடுத்தா, திருத்திக்க நேரம் இல்லை, அம்மா. அதனாலதான் கேட்கிறேன்."

"அக்காகிட்ட கேட்டீங்களா?"

"அவகிட்டயா? எதைக் காட்டினாலும் நல்லாயிருக்குன்னு சொல்லுவா. உப்புத் தண்ணியையும் நல்லாயிருக்குன்னுதான் சொன்னா. அதை வச்சு என்ன முடிவெடுக்கிறது?"

வடிவம்மை முறத்தைக் கீழே வைத்தார்.

"துடுப்பை எடுங்க."

அது அந்த மடத்தின் வழக்கம். கேள்வி கேட்டவர் மடத்துத் தோணியைத் தாமே வலிக்க வேண்டும். எதிர்க்கரை வரை போய்த் திரும்ப வேண்டும். வடிவம்மை பின்பலகையில் உட்கார்ந்து கேட்பார். பதில் இருந்தால் சொல்வார். பல பேர் வெறும் கைவலியோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

தாணுலிங்கத்துக்கு இது புதிதல்ல. துடுப்புகளைத் தோளில் வைத்துக்கொண்டு துறைக்கு நடந்தார்.

வடிவம்மை பின்னால் வந்தார். ஆனால் தோணியில் ஏறவில்லை. புன்னை மரத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"அக்கா, இங்க வாங்க. ஏறுங்க."

"நானா?" என்றார் பகவதி. "எனக்குக் கேள்வி ஒண்ணும் இல்லையே."

"அதனாலதான்."

தாணுலிங்கம் திகைத்தார். "நீங்க வரலையா, அம்மா?"

"எனக்கு அரிசி கிடக்கு."

"அப்போ பதில்?"

"பின்பலகையில உட்காருறவங்க சொல்லுவாங்க."

பகவதி சிரித்தார். "இவரு கேட்டு, நான் சொல்லி, அதை இவரு காதுல வாங்கி... நடக்கிற கதையா இது?"

வடிவம்மை அவர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். தோணியைத் தண்ணீருக்குள் தள்ளினார். திரும்பிப் போய்விட்டார்.

அந்தத் தோணியில் துடுப்பு வலிக்கிறவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். வழி அவருக்குத் தெரியாது. எதிரே, பின்பலகையில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

தாணுலிங்கம் நாலு தடவை வலித்தார். திரும்பிப் பார்த்தார். மறுபடி வலித்தார். மறுபடி திரும்பினார். தோணி கோணலாகப் போய் ஒரு வலைக்கம்பில் இடித்தது.

"நான் பார்த்துச் சொல்றேன்ல," என்றார் பகவதி.

"கம்பு இருக்குன்னு சொல்லலையே."

"நீங்க திரும்பலைன்னா தோணி அங்க போயிருக்காது. இடது பக்கம் வலிங்க."

"உன் இடதா, என் இடதா?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்க இடதுதானே?"

அவர் வலித்தார். தோணி கம்பை விட்டு விலகியது.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி தலையைத் திருப்பினார்.

"அம்மா உட்கார்ந்தா ஒரு தடவைகூடத் திரும்ப மாட்டீங்க," என்றார் பகவதி. "கரையிலேருந்து எத்தனை தரம் பார்த்திருக்கேன். நான் உட்கார்ந்தா மட்டும் லைன் கிளியர் கிடைக்காதோ?"

அதற்குப் பிறகு அவர் திரும்பவில்லை.

திரும்பாவிட்டால் பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை. எதிரே பகவதியின் முகம் இருந்தது.

எதிர்க்கரையில் அவர்கள் இறங்கவில்லை. தாழம்புதரைத் தொட்டுவிட்டுத் தோணியைத் திருப்பினார்கள்.

திருப்பும்போது பகவதி தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அப்போது தாணுலிங்கம் அந்தக் கையைப் பார்த்தார். மோதிரத்தின் அடியில் வெள்ளை நூல் கனமாகச் சுற்றியிருந்தது.

"இது என்ன?"

"மோதிரம் கழண்டு கழண்டு விழுது."

"எப்போ சுத்தினே?"

"சித்திரையில."

இப்போது ஆவணி. துடுப்பு ஒரு கணம் தண்ணீரில் படாமல் நின்றது.

"எங்கிட்ட காட்டலையே."

"கையை மறைச்சா வச்சிருந்தேன்? தினமும் இந்தக் கையாலதானே காபி கொடுத்தேன்."

அவர் வலித்தார். பகவதியின் கழுத்து எலும்பைப் பார்த்தார். ரவிக்கையின் கை தொளதொளவென்று கிடந்ததைப் பார்த்தார். வீடு பார்க்கப் போன ஊர்களில் ஓட்டில் விரிசல் இருக்கிறதா என்று ஏணி போட்டு ஏறிப் பார்த்தவர் அவர்.

"பகவதி."

"ம்."

"டாக்டர் ஒண்ணு சொன்னார்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"மழைக்காலம்."

காயலில் காற்று இல்லை. துடுப்பிலிருந்து சொட்டுகிற தண்ணீரின் சத்தம் கேட்டது.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. என்னை வெளியில நாற்காலியில உட்கார வச்சுட்டு உள்ளே பேசினீங்க. அது அட்டைக் கதவு. அவரு பேசினதும் கேட்டுது. நீங்க அழுததும் கேட்டுது."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீங்க ஏன் எங்கிட்ட சொல்லலை?"

அவருக்குக் கண்ணைத் துடைக்கக் கை இல்லை. இரண்டு கையிலும் துடுப்பு இருந்தது.

"வலது பக்கம் கொஞ்சம் வலிங்க," என்றார் பகவதி. "ஆழம் இல்லை, இந்தப் பக்கம்."

அவர் வலித்தார்.

"நான் வாங்கியிருக்கணும்," என்றார். "முதல்ல பார்த்த வீட்டையே வாங்கியிருக்கணும். உப்புத் தண்ணியா இருந்தா என்ன? குடிக்க வெளியில வாங்கியிருக்கலாம். ரெண்டு வருஷம் நீ தண்ணிக்கரையில இருந்திருப்பே. என் கணக்கெல்லாம் சேர்ந்து உன்னை..."

"ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நீங்க ஒவ்வொரு வீட்டுக்கும் குறை சொல்லும்போது எனக்குச் சந்தோஷமா இருக்கும்."

தாணுலிங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"நைட் டூட்டி, பகல் தூக்கம். உங்க சர்வீஸ் முழுக்க நாம எங்கே சேர்ந்து போனோம்? ஊர்ல எல்லாரையும் ரயில் ஏத்தி அனுப்பினீங்க. என்னைக் கூட்டிக்கிட்டு ஒரு நாள் ஏறினீங்களா? வீடு பார்க்க ஆரம்பிச்ச பிறகுதான் பஸ்ல என் பக்கத்துல உட்கார்ந்தீங்க. ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தீங்க. ஓட்டல்ல எனக்கு என்ன வேணும்னு கேட்டீங்க."

"அது வீடு பார்க்கப் போனது."

"உங்களுக்கு."

தாணுலிங்கம் தலை குனிந்துகொண்டார்.

"வீடு நல்லாயிருக்குன்னுதான் சொல்லுவேன். மனசுக்குள்ளே, ஐயோ இதை இவருக்குப் பிடிச்சிடக் கூடாதேன்னு இருக்கும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டை போட்டாரே, அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்னு தோணிச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கும்வரை தாணுலிங்கம் வலிக்காமல் காத்திருந்தார். பிறகு மெதுவாக, தோணி குலுங்காதபடி வலித்தார்.

வெயில் சாய்ந்திருந்தது. வெளிச்சம் பகவதியின் முகத்தில் நேராக விழுந்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார்.

"முகத்துவாரமா, ஏரிக்கரையா?" என்றார் தாணுலிங்கம். கேட்டு வைப்போம் என்றுதான் கேட்டார்.

"கையை நிறுத்தாதீங்க," என்றார் பகவதி.

அவர் நிறுத்தவில்லை.

முதுகுக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. ஒரு சொம்பு கல்லில் உருண்டது. புகை வாசனை வந்தது. மடத்து அடுப்பு.

"கரை வந்துடுச்சா?" என்று கேட்டார், தலையைத் திருப்பாமல்.

பகவதி அவருடைய தோளுக்கு மேலாகப் பார்த்தார். துறைக்கல் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது.

"இல்லை," என்றார். "இன்னும் ரொம்ப தூரம் இருக்கு. தோணியைத் திருப்பி வலிங்க."

சொம்பைத் துறைக்கல்லில் வைக்கும் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

அவர் தோணியைக் காயலுக்குள் திருப்பி வலித்தார்.