கதிர்நாவாய்ப் பூச்சிக்கு நாற்றம் வந்த கதை

அந்தக் காலத்தில், பூச்சி பொட்டெல்லாம் மனிதரோடு வரப்பில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்த காலத்தில், நெல்லுக்கு மட்டும் வாய் கிடையாது. மழை வரப்போகிறது என்று தவளை சொல்லும். வரப்பில் எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று நண்டு சொல்லும். அந்த ஓட்டையைப் போட்டது தான்தான் என்பதை மட்டும் சொல்லாது. நெல்லோ தாகமெடுத்தாலும் தண்ணீர் மிஞ்சினாலும் பேசாமல் நின்றுகொண்டிருக்கும்.

இதனால் உழவர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. பூ முடிந்ததும் நெல்மணிக்குள் முதலில் பால்தான் பிடிக்கும். அது பாலாக இருக்கும் வரை வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். கெட்டிப்பட்டு அரிசியாகும்போது வடித்துவிட வேண்டும். முந்தினால் மணி சுருங்கும், பிந்தினால் பயிர் சாயும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஒரு மணியை நசுக்கித்தான் பார்க்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் அதை மட்டும் செய்ய மாட்டார்கள். பால் பிடித்த மணி அவர்களுக்குப் பால் குடிக்கிற பிள்ளை. அதை நசுக்கினால் பாவம் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். நல்ல மனசுதான். நல்ல மனசு உள்ளவர்களுக்கு வேறு யாராவது அந்த வேலையைச் செய்து கொடுத்தால் ரொம்ப சந்தோஷம்.

நாவாய்ப் பூச்சி அப்படித்தான் வேலைக்கு வந்தது. ஒல்லி உடம்பு, நீண்ட கால்கள், ஊசி மாதிரி வாய். அப்போது அதன் மேல் நெற்பூவின் வாசனை வீசும். "உமி கிழியாம உறிஞ்சிப் பாத்துச் சொல்லுதேன். வயலுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி, அதுக்கு மேல வாய் வைக்க மாட்டேன்" என்றது. ஊர் ஒத்துக்கொண்டது. பல வருஷம் அது சொன்ன சொல் தவறவில்லை. விடிகாலையில் வாசனை வந்தால், நாவாயார் வயலுக்கு வந்துவிட்டார் என்று எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள்.

பிறகு ஒரு வருஷம் மழை ஏமாற்றியது. கொம்பையா என்ற உழவன் வீட்டில் நெல் கொட்டி வைக்கும் குலுக்கையில் விதைநெல்லைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. அடுத்த மழைக்கு அதையும் மேல்வயல், கீழ்வயல் இரண்டிலும் விதைத்துவிட்டான். அவன் மனைவி வெயிலுகந்தாளுக்குக் கைக்குழந்தை. கிழங்கையும் கீரையையும் தின்ற உடம்பில் அவளுக்குப் பால் ஊறவில்லை. பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு, அழுது களைத்துத் தூங்கிப் போகும். புது அரிசிக் கஞ்சி உள்ளே போனால் பால் சுரக்கும் என்று அவள் அந்த இரண்டு வயலையுமே நம்பியிருந்தாள்.

அந்த வருஷத்து வெயிலுக்குப் பால் நன்றாக இனித்தது. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? நாவாயார் ஒரு மணியைக் குடித்தார். பக்கத்து மணியைப் பார்த்தார். இவ்வளவு பெரிய வயலில் இன்னொன்று போனால் யாருக்குத் தெரியப்போகிறது என்று அதையும் குடித்தார். மறுநாள் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லாரையும் விருந்துக்குக் கூட்டி வந்துவிட்டார்.

"பால் கெட்டிப்பட்டுட்டா நாவாயாரே?" என்று கொம்பையா காலையில் வந்து கேட்பான்.

"இன்னும் தண்ணிப் பாலாத்தான் இருக்கு அண்ணாச்சி. அவசரப்படாதிய" என்று வாயைத் துடைத்துக்கொண்டு பதில் வரும்.

நாள்கள் போயின. பதில் மாறவில்லை. வெயிலுகந்தாளுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"இங்க பாருங்க, மணி பாரமா இருந்தா கதிர் தலை சாயணும்லா? இந்த மேல்வயல்ல எல்லாம் வெறச்சு நிக்கே. ஒரு மணிய நசுக்கிப் பாத்திருவமா?"

கொம்பையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, எங்க தாத்தா காலத்துல இருந்து அவரு சொல்லித்தான் தண்ணி வடிச்சிருக்கோம். கைப்பிள்ளய வச்சுக்கிட்டு நீ பால் மணிய நசுக்குவியா?"

"பாலுக்குப் பூனையக் காவல் வச்சுட்டு எனக்குப் பாவ புண்ணியம் சொல்லுதிய" என்று முணுமுணுத்தாள். ஆனாலும் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கும் பயம் வந்தது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

அன்று முழுதும் பிள்ளை அழுதது. மறுநாள் விடிந்ததும் அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்கு வந்தாள். கொம்பையாவும் பின்னாலேயே வந்தான். நாவாயார் ஒரு கதிரில் வயிறு புடைக்க உட்கார்ந்திருந்தார்.

"நாவாயாரே, உம்ம மேல எனக்குச் சந்தேகமா இருக்கு. பயிரத் தொட்டுச் சத்தியம் பண்ணும்" என்றாள் வெயிலுகந்தாள்.

"என்ன தாயி, என்னப் போய்..." என்று நாவாயார் சிரித்தார். கொம்பையாவைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். வேறு வழியில்லாமல் முன்னங்காலைத் தூக்கிக் கதிரின் மேல் வைத்தார். "ஒரு நாளைக்கு ஒரு மணிக்கு மேல நான் வாய் வச்சதில்ல. இது இந்தப் பயிரு மேல சத்தியம்."

சொல்லி வாய் மூடவில்லை, வயிற்றுக்குள் கடமுட என்றது. உமிக்குள் இருந்து அரிசியாக வேண்டிய பால் அது. பூச்சி வயிற்றில் அது என்னவாகும்? அத்தனை நாள் பொறுத்திருந்த பால், பொய்ச் சத்தியம் விழுந்ததும் ஒரே நொடியில் புளித்துத் திரிந்தது. நெற்பூ வாசனை போய், ஊசிப்போன சோறும் நசுங்கிய மூட்டைப்பூச்சியும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம் கிளம்பியது. கொம்பையா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டான். நாற்றம் அந்த ஒரு கதிரில் இருந்து மட்டும் வரவில்லை. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் உட்கார்ந்திருந்த கதிரிலிருந்தெல்லாம் வந்தது. மேல்வயல் முழுக்க நாறியது.

"பாவம் வந்தா எனக்கு வரட்டும்" என்று வெயிலுகந்தாள் ஒரு மணியை உருவி நகத்தால் நசுக்கினாள். பால் இல்லை. வெறும் உமி. இன்னொன்றை நசுக்கினாள், அதுவும் உமிதான். ஒவ்வொரு மணியிலும் ஊசி குத்தியது போல ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் இருந்தது.

கொம்பையா வரப்பில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "மோசம் போயிட்டமேட்டி. நீ சொன்னதக் கேக்காம நானே பிள்ள வயித்துல அடிச்சுட்டேனே." அவளும் நின்றபடியே அழுதாள். பிள்ளையும் அழுதது.

அழுகைக்கு நடுவே அவளுக்கு ஒன்று உறைத்தது. கீழ்வயல் பக்கமிருந்து காற்று வந்தது, அதில் நாற்றம் இல்லை. வரப்பில் வழுக்கி வழுக்கி அங்கே ஓடினாள். ஒரு மணியை உருவினாள். கண்ணை மூடிக்கொண்டு நசுக்கிவிட்டுத் திறந்து பார்த்தாள். நகத்தில் சந்தனம் மாதிரி வெள்ளையாக, கெட்டியாக ஒட்டியிருந்தது.

"இங்க இருக்குங்க! கெட்டிப்பட்டுட்டு! மடையத் தொறங்க!"

கொம்பையா ஓடி வந்து மடையை வெட்டித் தண்ணீரை வடித்தான். பிறகு முறத்தை எடுத்துத் தட்டித் தட்டி நாவாய்க் கூட்டத்தை விரட்டினான். அவை பறந்துபோய் வரப்புப் புல்லில் ஒளிந்துகொண்டன. அரிவாளை எடுத்து அந்தப் புல்லையும் அறுத்து எறிந்தான்.

அறுவடை வந்தது. மேல்வயல் நெல்லைக் களத்தில் தூற்றியபோது அத்தனையும் பதராகக் காற்றோடு போயிற்று. கீழ்வயல் நெல் மட்டும் காலடியில் விழுந்து சின்னக் குவியலாக நின்றது. விதைக்கு எடுத்து வைத்தது போக மிச்சத்தைக் குத்திக் கஞ்சி காய்ச்சினார்கள். வெயிலுகந்தாளுக்குப் பால் சுரந்தது. பிள்ளை வயிறு நிறையக் குடித்துவிட்டு, வாயோரம் பால் வழியத் தூங்கியது. கொம்பையா அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

அன்று முதல்தான் கதிர்நாவாய்ப் பூச்சி இறங்கிய வயலின் நாற்றம், நாம் வரப்பில் கால் வைக்கும் முன்பே மூக்கில் ஏறுகிறது. அதனோடு யாரும் பேசுவதில்லை. அதுவும் புல்லில் பதுங்கிக் கிடந்து, பால் பிடிக்கும் நாளுக்குத் திருட்டுத்தனமாக வருகிறது. அன்று முதல்தான் உழவர்களும் பிறர் சொல்லுக்குக் காத்திராமல், கதிரில் ஒரு மணியை உருவி, "நீ போய் வா தாயி, மத்தது பிழைக்கட்டும்" என்று சொல்லித் தங்கள் நகத்தாலேயே நசுக்கிப் பார்க்கிறார்கள்.