முகம் திருப்பிய யானை

காட்டாற்றில் மிருகங்களைக் கரைசேர்ப்பதற்கென்றே அந்தக் காட்டில் ஒரு பெரிய இலாகா இருந்தது. அதன் தலைவர் மலையப்பன் என்ற யானை. அந்த மழைக்காலத்தோடு அவருக்கு ஓய்வு. அவர் இடத்துக்கு வரப்போகிறவள் நெட்டைக்காலி என்ற கடமான்.

அவளுக்குப் பயிற்சியில் குறைச்சலே இல்லை. வெள்ளப் பயிற்சி, தலைமைப் பயிற்சி என்று முகாம் மேல் முகாம். ஆனால் மலையப்பனுக்கு வாய் சும்மா இருக்காது. "சொல்லும்மா, ஆற்றைக் கடக்க எந்த வழி?" என்று கேட்பார். அவள் வாயைத் திறப்பதற்குள், "மூங்கில் துறைதான்!" என்று பதிலையும் அவரே சொல்லிவிடுவார். பாவம், அவள் என்ன செய்வாள்? அவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டப் பழகிக்கொண்டாள். இலாகாவே அப்படித்தான் பழகியிருந்தது.

ஒருநாள் ஆற்றில் தண்ணீர் கிடுகிடுவென்று ஏறியது. மலையப்பன் முதல் கூட்டத்தை மூங்கில் துறை வழியாக அக்கரை சேர்த்துவிட்டார். இக்கரையில் நெட்டைக்காலியும், குட்டிகளோடு புள்ளிமான் கூட்டமும் நின்றன. அந்த நேரம் பார்த்து, பின்னால் புதருக்குள் செந்நாய்களின் சீழ்க்கை கேட்டது.

அதற்குள் மூங்கில் துறையில் இக்கரை மணலை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. அக்கரையிலிருந்து பார்த்தால் அது தெரியாது. இறங்கினால் குட்டிகளுக்குக் கால் எட்டாது. கொஞ்சம் கீழே பாறைத் துறை. வழுக்கும், ஆனால் ஆழமில்லை. இதெல்லாம் நெட்டைக்காலிக்குத் தெரிந்தது. தெரிந்தும் சொல்ல வாய் வரவில்லை. வழக்கம்போல அக்கரையில் நின்ற யானையின் முகத்தைப் பார்த்தாள். மான்களும் கழுத்தை நீட்டி அவரையே பார்த்தன. நாய்கள் நெருங்குவதை ஒருவரும் கவனிக்கவில்லை.

மலையப்பன் வழிகாட்டத் துதிக்கையைத் தூக்கினார். அத்தனை கண்களும் தன்மேலேயே இருப்பதை அப்போதுதான் கண்டார். துதிக்கையை இறக்கினார். ஆற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

"ஐயா நம்மைக் கைவிட்டுட்டாரே!" என்று ஒரு தாய்மான் கதறியது.

நெட்டைக்காலிக்கு ஆத்திரம் பொங்கியது. பார்ப்பதற்கு இனி ஒரு முகம் இல்லை. குட்டிகளைப் பார்த்தாள்.

"பாறைத் துறைக்கு நடங்க. குட்டிகள் நடுவில், பெரியவங்க ஓரத்தில்," என்றாள்.

"ஐயா எப்பவும் மூங்கில் துறைதானே சொல்வார்?" என்று இழுத்தது ஒரு கொம்புமான்.

"ஐயா அங்கே இருக்கார். தண்ணி இங்கே இருக்கு. நடங்க!"

நடந்தார்கள். நடு ஆற்றில் ஒரு குட்டிக்குக் கால் வழுக்கியது. நெட்டைக்காலி குறுக்கே பாய்ந்து தன் விலாவால் அதைத் தடுத்தாள். பாறை கிழித்து ரத்தம் வந்தது. அவள் நகரவில்லை. நாய்கள் கரைக்கு வந்து சேர்ந்தபோது கடைசிக் குட்டியும் அக்கரை ஏறியிருந்தது.

நெட்டைக்காலி நேரே யானையிடம் போனாள். "உயிர் போற நேரத்தில் ஏன் முதுகைக் காட்டினீங்க?"

மலையப்பன் மெல்லத் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"நான் மூங்கில் துறையைத்தான் காட்டியிருப்பேன், அம்மா," என்றார்.

அடுத்தவரைத் தலைவராக்க நினைப்பவர், அவர் முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் தன் வாயை மூடிக்கொண்டு விலகி நிற்க வேண்டும்.