முதல் சொல்லுக்கு முன்னால்

குன்றடி மடத்துச் சாமிக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் வைரவனுக்கு எழுபதை நெருங்குகிற வயது. வானொலியில் ஒலிப்பதிவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி தெய்வானை இறந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு மடத்துக்கே வந்துவிட்டார்.

மறைந்த பெரிய சாமியின் பேச்செல்லாம் கேசட்டுகளில் இருந்தது. அந்தக் காலத்தில் அதைப் பதிவு செய்தவரும் வைரவன்தான். இப்போது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். வேலையில் கறார் பேர்வழி. திரையில் தெரியும் ஒலி அலையைப் பார்த்தே, காது கொடுத்துக் கேட்காமலேயே, பெரிய சாமியின் முதல் சொல்லுக்கு முன்னால் இருப்பதை ஒரே வெட்டாக வெட்டிவிடுவார். நடுவில் வரும் இருமலும் குழந்தை அழுகையும்கூட அவரிடம் தப்பாது. ஏற்றி முடித்ததும், பூஞ்சணம் பிடித்த கேசட்டைச் சமையல்கட்டுக்குப் பின்னால் போட்டுக் கொளுத்திவிடுவார்.

ஒரு நாள் சாமியிடம் கேட்டார்.

"சாமி, அவ முகம் ஞாபகம் இருக்கு. குரல் மட்டும் வரமாட்டேங்குது. ஊர்ல உள்ளவங்க குரலையெல்லாம் பதிவு பண்ணினேன். அவ குரலைப் பண்ணணும்னு தோணவே இல்ல. இனிமே அதைக் கேக்க வழியே இல்லையா?"

சாமி கம்ப்யூட்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நேத்து முடிச்சதைப் போடுங்க ஐயா."

வைரவன் போட்டார். பெரிய சாமியின் குரல் துலக்கிய பாத்திரம் மாதிரி பளிச்சென்று வந்தது.

"ஆளில்லாத மண்டபத்துல பேசுற மாதிரி இருக்கே. அன்னைக்கு நாங்கல்லாம் உக்காந்திருந்தோமே, எங்க போனோம்?"

"எடுத்துட்டேன் சாமி. அதெல்லாம் இரைச்சல்."

"வெட்டாத கேசட்டு மிச்சம் இருக்கா?"

"ஒண்ணுதான் இருக்கு. கடைசி."

"அதை ஆரம்பத்துலேருந்து கேப்போம்."

கேசட் சுழன்றது. முதலில் வெறும் உஸ்ஸென்ற சத்தம். யாரோ பாய் விரித்தார்கள். பிறகு மைக்குக்குப் பக்கத்திலேயே ஒரு பெண் குரல் கேட்டது.

"ஏங்க, மத்தியானமும் சாப்பிடல நீங்க. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வந்து உக்காருங்களேன். ஏங்க, உங்களைத்தான்."

"சும்மா இரு. பதிவாகுது."

அதட்டியது வைரவனின் குரல். அதன்பின் பெரிய சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

வைரவன் நிறுத்தினார். திருப்பிச் சுற்றி இன்னொரு முறை கேட்டார். பிறகு மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"தெய்வானைதான் சாமி. எப்பவும் என் பக்கத்துலதான் உக்காருவா. எல்லா கேசட்டுலயும் இருந்திருப்பா. நானே வெட்டி, நானே கொளுத்திட்டேன்."

சமையல்கட்டுப் பக்கமிருந்து கருகிய பிளாஸ்டிக் நாற்றம் இன்னும் வந்துகொண்டிருந்தது.

வைரவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதுலெல்லாம் என்ன சொல்லியிருப்பா சாமி?"

"என்கிட்டக் கேக்கறீங்களே ஐயா. பக்கத்துல இருந்தது நீங்கதானே?"