உறைமோர்

“உடம்பே வாடகை வீடா? அப்ப நீ முதல்ல காலி பண்ணு” என்று சொல்லிவிட்டு, ஒச்சம்மா தம்பியின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

உடம்பே வாடகை வீடுதான் என்று உபதேசம் சொல்ல வந்த சீனிச்சாமி சோற்றைப் பிசைந்தார். நால்வழிச்சாலைக்காகத் தெருவின் மற்ற வீடுகளை இடித்துப் போட்டிருந்தார்கள். சனங்கள் கண்மாய்க்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த வீடுகளுக்குப் போய்விட்டார்கள். அவர் சீடராக இருந்த மடமும் அங்கே போய்விட்டது. அக்கா மட்டும் நகரவில்லை. விடிந்தால் இயந்திரம் வரும்.

“நான் போயிட்டா இந்த வீட்டுக்கு யாருடா இருக்கா?” என்றாள்.

கை கழுவிவிட்டுக் கண்மாயைத் தாண்டிக் குருவிடம் வந்தார். ஞானாம்பாள் அம்மா அவரைவிட வயதில் இளையவர். ஒச்சம்மாவுக்கு ஒதுக்கிய காலி வீட்டில் அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

“இங்க ஏம்மா?”

“மடத்துல இன்னும் மூட்டையே பிரிக்கல. நிக்க இடமில்ல.”

“அக்கா வரமாட்டேங்குறா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

சொன்னார். அக்காவின் பதிலையும் சொன்னார். குரு சிரித்துவிட்டார்.

“சரியாத்தானே கேட்டிருக்காங்க. பால் ஆறிட்டு வருது. அவங்ககிட்ட கொஞ்சம் உறைமோர் வாங்கிட்டு வாங்க.”

“விடிஞ்சா வீட்டை இடிக்கப் போறாங்கம்மா. உறைமோரா?”

“பால் இப்பவே ஆறுதே.”

போனவர் வெறுங்கையோடு திரும்பினார்.

“விளக்கு வச்சப்புறம் உறைமோர் குடுக்க மாட்டாளாம். மடம் கேட்டாலும் மகாராசா கேட்டாலும் கிடையாதாம்.”

“குடுக்க வேண்டாம். அவங்க கையால ஊத்திட்டுப் போகட்டும்.”

இந்த முறை ஒச்சம்மா முன்னால் வந்தாள். சீனிச்சாமி பின்னால் டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்திருந்தாள். வந்ததும் சட்டியில் விரல் வைத்துப் பார்த்தாள்.

“இம்புட்டு ஆறவிட்டா எப்படி உறையும்? மடத்துல பால் பார்க்கத் தெரிஞ்ச ஆளே இல்லையா?”

“இல்லையே” என்றார் குரு.

ஒச்சம்மா பாலை மறுபடி சூடாக்கி, பதம் பார்த்து இறக்கினாள். உறை ஊற்றி மூடினாள். பிறகுதான் தலை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஜன்னலை எவன் இங்க வச்சான்? பூனை நேரா சட்டி மேலதான் குதிக்கும்.”

“குதிக்கும்” என்றார் குரு.

ஒச்சம்மா முணுமுணுத்துக்கொண்டே சட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

சீனிச்சாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. குருவின் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார். “இப்பவே சொல்லிடவாம்மா? இனிமே இதுதான் வீடுன்னு, இனி அங்க போக வேண்டாம்னு...”

“சட்டியை அசைக்காதீங்க, சீனிச்சாமி.”

அவர் சட்டிக்குப் பக்கத்திலேயே இல்லை. வாயை மூடிக்கொண்டார்.

ஒச்சம்மா இடுப்பிலிருந்த வெற்றிலைச் சுருக்குப்பையை உருவி, அடுப்புக்கு மேலே காலியாக இருந்த அலமாரித் தட்டில் வைத்தாள்.