ஆளில்லாமல் ஓடிய வண்டி

உடன்குடிக்கு அப்பால், பனைகளுக்கு மேலாக எழுந்து நிற்கும் செம்மணல் மேட்டைத் தேரி என்பார்கள். அங்கே மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்பித்து வந்தவர் எப்சிபா. முப்பது வயதுதான். ஆயினும், அவரைவிட மூத்த மாணவர்களும் அவரை 'மாஸ்டர்' என்றே அழைத்தனர்.

ஒருநாள் காலையில் அவரிடம் வந்த திரவியத்துக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. இளமையில் காடு மேடெல்லாம் வண்டியில் சுற்றியவர். ஒரு விபத்தில் கால் முறிந்த பின், பல்லாண்டுகள் வண்டியைத் தொடாமல் இருந்தவர். இப்போது, தாரிலும் மண்ணிலும் ஓடக்கூடிய உயரமான புது வண்டி ஒன்றை வாங்கியிருந்தார். பெட்ரோல் டேங்கின் மேல் ஒட்டியிருந்த கண்ணாடித்தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

"இன்னைக்கு இந்தத் தேரியைத் தாண்டியாகணும் மாஸ்டர்."

"தாண்டலேன்னா?"

"வண்டியை மச்சினனுக்குக் குடுத்துருதேன்னு வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன். அவளுக்கு இன்னும் என் காலை நெனச்சுப் பயம்."

"உங்களுக்கு?"

"எனக்கும்தான். அதை மட்டும் அவகிட்ட சொல்லலை."

மணலில் பிடிப்புக் கிடைக்க, எப்சிபா டயர்களின் காற்றைச் சற்றுக் குறைத்தார். "ஏறுங்க," என்றார்.

மேட்டின் பாதியில் முன்சக்கரம் இடப்பக்கம் நழுவியது. திரவியம் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்தார், ஆக்ஸிலேட்டரை மூடினார். தார்ச்சாலையில் அவர் உயிரைக் காத்த பழக்கம் அது. மணலில் சக்கரம் புதைந்தது, வண்டி சாய்ந்தது.

மறுமுறையும் அவ்வாறே நிகழ்ந்தது. மூன்றாம் முறை விழுந்த பிறகு, எழ மனமின்றி மணலிலேயே அமர்ந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, மச்சினனுக்கு ஃபோன் போடட்டுமா?"

"கேலி பண்ணாதீங்க மாஸ்டர். நான் பிடிக்கப் பிடிக்க அது ஆடுது. ஆடாம ஓட்ட ஒரு வழி சொல்லுங்க, போதும்."

எப்சிபா வண்டியைத் தூக்கி நிறுத்தினார். மேட்டின் அடியில், மழையில் நனைந்து இறுகிக் கிடந்த சமதளத்துக்கு அதனைக் கொண்டு சென்றார். இரண்டாம் கியரில் சீராக ஓட்டினார். ஓடும் வண்டியிலேயே எழுந்து நின்றார், கைகளை எடுத்தார், பக்கவாட்டில் குதித்து இறங்கிவிட்டார்.

"ஐயோ, வண்டி!"

வண்டி விழவில்லை.

காலி இருக்கையுடன் அது தன்போக்கில் சென்றுகொண்டிருந்தது. இடப்பக்கம் சாய்ந்தது, முன்சக்கரம் அப்பக்கமே திரும்பி அதனை நிமிர்த்தியது. வலப்பக்கம் சாய்ந்தது, மீண்டும் நிமிர்ந்தது. துரத்திப் பிடிக்க ஓடிய திரவியத்தின் கால்கள் தாமாகவே நின்றன. பரந்த செம்மண் வெளியில், ஒருவர் கையும் படாமல், அவருடைய வண்டி தனியே போய்க்கொண்டிருந்தது. எதிர்ச்சரிவில் சிறிது ஏறி, வேகம் தளர்ந்து, இஞ்சின் அடங்கி, மணலில் மெல்லப் படுத்துக்கொண்டது.

திரவியம் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியவரைப் போல.

"அதை யாரு மாஸ்டர் ஓட்டுனா?"

"நான்தான் எறங்கிட்டேன்லா."

"ஆடிக்கிட்டேதான போச்சு!"

"பாத்தீங்கள்லா. ஏறுங்க."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை நிமிர்த்தினார். கிழிந்து தொங்கிய கண்ணாடித்தாளை உரித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, திரவியம் மீண்டும் வண்டியை மேட்டுக்குத் திருப்பினார்.

முன்னர் விழுந்த இடத்திலேயே சக்கரம் நழுவியது. விரல்கள் இறுக முயன்றன, அவர் இடங்கொடுக்கவில்லை. ஆக்ஸிலேட்டரை மூடவுமில்லை. கால்மிதிகளில் எழுந்து நின்றார். அவருக்கடியில் வண்டி இப்பக்கமும் அப்பக்கமும் நெளிந்தது; நெளிந்தவாறே ஏறியது. உச்சியில் ஒரு கணம் வானத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அடுத்த கணம், மறுசரிவும் பனைகளும், அவற்றுக்கு அப்பால் நீலக் கோடாகக் கடலும் கண்முன் விரிந்தன.

கீழே வந்து இஞ்சினை நிறுத்தினார். இவ்வளவு பெரிய அமைதியை அவர் கேட்டதில்லை.

எப்சிபா தம் வண்டியில் மேட்டைச் சுற்றிக்கொண்டு வந்து அருகில் நின்றார்.

"மச்சினனுக்கு வண்டி இல்லைன்னு சொல்லிருங்க."

திரவியம் திரும்பித் தேரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உச்சியிலிருந்து அவர் நின்ற இடம்வரை, ஒற்றைத் தடம் ஒன்று வளைந்து வளைந்து இறங்கி வந்திருந்தது.

"என்ன மாஸ்டர் இது! குடிச்சவன் நடந்து வந்த மாதிரில்லா இருக்கு. ஒரு எடத்துலகூட நான் நேரா ஓட்டலையே?"

"நேராப் போன வண்டி ஒண்ணு இந்தப் பக்கம் வந்து சேந்து நான் பாத்ததே இல்லை, அண்ணாச்சி."