பின்கழி

அந்த மலைக்கோயிலுக்குப் படி போட்டவர் சடையப்பன் மேஸ்திரி. ஊரெல்லாம் வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, பெண்டாட்டி போனபிறகு மலையேறி வந்து மடத்துச் சாமியம்மாவிடம் சீடராகச் சேர்ந்தவர். சாமியம்மாவுக்கு அவரைவிட வயது குறைவு. பொறுமை அதைவிடக் குறைவு.

உளி பட்டு மேஸ்திரியின் காலில் சின்னக் காயம். சர்க்கரை உடம்பு. தானே பச்சிலை வைத்துக் கட்டினார், தானே அவிழ்த்துப் பார்த்தார், யாரிடமும் மூச்சுவிடவில்லை. விரல் கறுத்து நாற்றம் வந்தபோதுதான் சாமியம்மாவுக்குத் தெரிந்தது. திட்டித் தீர்த்துவிட்டு டோலிக்கு ஆள் அனுப்பினார். இன்றைக்குள் ஆஸ்பத்திரியில் காட்டாவிட்டால் காலே போய்விடும் என்று அடிவாரத்து நர்ஸ் போனில் சொல்லியிருந்தாள்.

டோலி என்றால் இரண்டு கழிகளுக்கு நடுவில் கட்டிய பிரம்பு நாற்காலி. கழிகளை முன்னால் தோளில் தாங்கும் முன்கழி பொன்ராசு, பின்னால் தாங்கும் பின்கழி மாயழகு. உட்கார்ந்ததிலிருந்து மேஸ்திரிக்கு வாய் ஓயவில்லை. அங்கே பாசி, இடப்பக்கம் போ. அடுத்த படி உயரம், மெதுவாக வை. நான் போட்ட படி எனக்குத் தெரியாதா என்றார். சொல்வதோடு விட்டாரா, வளைவு வந்தால் கழிகளை இறுக்கிப் பிடித்து உடம்பையும் அந்தப் பக்கம் சாய்த்தார். ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம்.

சப்பரத்தில் ஏற்றினால் சாமியே சும்மா உட்கார்ந்திருக்கிறது, இவருக்கு என்ன கேடு என்று முணுமுணுத்தான் மாயழகு.

ஆட்களைத் திட்டி முடித்ததும் மேஸ்திரி கடவுளுக்குத் திரும்பினார். தலையில் கல் சுமந்து படி போட்டேனே, கூலியா கேட்டேன், குடித்துவிட்டுப் புரள்கிறவன் கால் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே வந்தார். அவருடைய பையைச் சுமந்தபடி கூடவே இறங்கிய சாமியம்மா காதில் வாங்காத மாதிரி நடந்தார்.

மேஸ்திரிக்கு அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"எல்லாம் அவன் பார்த்துக்குவான்னு தினம் சொல்றீங்களே சாமியம்மா, இந்தக் காலை அவன் பார்த்தானா? முன்னால என்ன வருதுன்னு தெரியாம, எவனையோ நம்பி நான் எப்படிச் சும்மா உட்கார்றது?"

கேட்டுக்கொண்டே அடுத்த வளைவிலும் சாய்ந்தார். மாயழகுக்குக் கால் வழுக்கிவிட்டது. முழங்கால் படியில் மோதியது. கழியை மட்டும் அவன் விடவில்லை.

பொன்ராசு டோலியை இறக்கி வைத்தான். இன்னொரு தடவை இவர் சாய்ந்தால் இப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவோம் என்றான்.

சாமியம்மா பையைக் கீழே வைத்தார்.

"நாற்காலியைத் திருப்பிக் கட்டுங்கப்பா."

திருப்பிக் கட்டித் தூக்கினார்கள். இப்போது மேஸ்திரியின் முகம் மலையைப் பார்த்தது, முதுகு இறங்குகிற வழியை. எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று அலறினார்.

"இவ்வளவு நேரம் தெரிஞ்சுதே, என்ன கிழிச்சீங்க?" என்றார் சாமியம்மா.

மேஸ்திரிக்கு எதிரே இப்போது மாயழகின் முகம் மட்டும்தான். நெற்றியில் வேர்வை வழிந்தது. முழங்காலில் ரத்தம். கண் எங்கேயும் பார்க்கவில்லை.

"ஏம்ப்பா, உனக்குப் படி தெரியுதா?"

"எங்க தெரியுது? இவ்வளவு நேரம் உங்க நாற்காலி முதுகு. இப்ப உங்க மூஞ்சி."

"பின்ன எப்படிக் கால் வைக்கிற?"

"முன்னால அண்ணன் இறங்கினா கழி இறங்கும், தோள்ல தெரியும். நீங்க சாய்ஞ்சாத்தான் வம்பு. அண்ணன் இறங்குதா நீங்க ஆட்டுறீங்களான்னு தெரியாமப் போயிருது."

மேஸ்திரி கழிகளிலிருந்து கையை எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"சாமியம்மா, காலை எடுத்துருவாங்களா?"

"தெரியாது."

"எடுக்க மாட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உங்க வாயால கேட்டா நிம்மதியா இருக்கும்."

சாமியம்மா பையைத் தோள் மாற்றிக்கொண்டார். இன்னும் கோபம் ஆறியிருக்கவில்லை.

"எனக்கு மட்டும் படி தெரியுதாக்கும்? நானும் பின்கழிதான் மேஸ்திரி."